மானுக்கு வைத்த குறி... மனிதன் மீது பாய்ந்தது!

மலைக்காட்டில் நாட்டுத் துப்பாக்கி வேட்டை. கறி மட்டும் டவுனுக்கு வருகிறது

சேலம்:-

“டுமீல்!”

நடு ராத்திரி. மலைக்காட்டுக்குள் ஒரே ஒரு வேட்டுச் சத்தம். அதோடு சரி. அடுத்த சத்தம் கேட்காது.

ஏன் என்றால் அந்தத் துப்பாக்கியில் இரண்டாவது குண்டே கிடையாது!

ஒரு சூட்டில் மான் விழுந்தால் பத்து வீட்டுக்குக் கறி. விழாவிட்டால் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான். மூன்றாவதாக ஒன்றும் நடப்பது உண்டு. புதருக்குப் பின்னால் நின்ற கூட்டாளி “ஐயோ அம்மா...” என்று அலறிக்கொண்டு விழுவான்.

“மான் என நினைத்து சுட்டதில் வாலிபர் பலி” என்ற தலைப்பு தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிது அல்ல. மலை மாறும், ஊர் மாறும், பெயர் மாறும். துப்பாக்கி மட்டும் மாறாது. அதே நாட்டுத் துப்பாக்கி!

மலை சூழ்ந்த ஊர்

சேலம் டவுனில் எங்கே நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். வடக்கே ஏற்காடு மலையும் நகரமலையும். மேற்கே கஞ்சமலை. தெற்கே ஜருகுமலை. கிழக்கே போனால் கல்வராயன் மலை. மேட்டூரைத் தாண்டினால் காவிரிக்கரைக் காடு.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாக குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகிறார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் புள்ளிமானைப் பார்த்து குழந்தைகள் கை தட்டுகின்றன.

வேலி இல்லாத மான்களின் கதை வேறு.

மலை ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி நேற்று வந்த சரக்கு அல்ல. கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. நாட்டுக்கு சுதந்திரம் கிடைத்த பிறகும் ஜாகீர் நடந்தது. 1976-ல்தான் அரசாங்கம் முழுசாகக் கையில் எடுத்தது. அதுவரை போலீஸ் ஏது, லைசென்ஸ் ஏது? தாத்தா வைத்திருந்தார். அப்பா வைத்திருந்தார். மகனும் வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

தினைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் ஆறு மாத உழைப்பு போய்விடும். “இது பன்னிக்கு வெச்சது சார்” என்றுதான் மலையில் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. பன்றிக்கு வைத்த துப்பாக்கிக்கு மான் ஆகாதா என்ன?

வாய் வழியே தீனி

போலீஸ்காரர்கள் காட்டும் துப்பாக்கியில் பின்பக்கம் தோட்டா போடுவார்கள். நாட்டுத் துப்பாக்கி அப்படி அல்ல. அதற்கு வாய் வழியாகத்தான் தீனி!

குழலை நிமிர்த்தி வைத்து கரிமருந்தைக் கொட்ட வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி மூன்றும் சேர்ந்ததுதான் அந்த மருந்து. மேலே துணியோ நாரோ வைத்து கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு குண்டு. ஈயக் குண்டு கிடைக்காதவர்கள் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போடுகிறார்கள். அது உருண்டு விழாமல் இருக்க மறுபடி துணி, மறுபடி இடி. கடைசியாக, குதிரை வந்து அடிக்கும் இடத்தில் ஒரு சின்ன கேப்.

விசையை இழுத்தால் குதிரை கேப்பில் அடிக்கும். பொறி உள்ளே போகும். மருந்து பற்றும். டுமீல்!

இலங்கையில் வன்னித் தமிழர்கள் இந்தத் துப்பாக்கிக்கு ‘இடியன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். கெட்டிக்கும்போதும் இடி, சுடும்போதும் இடி.

வேட்டு வெடித்ததும் வெள்ளைப் புகை மண்டும். சுட்டவனுக்கே எதிரே என்ன நடந்தது என்று தெரியாது. மறுபடி கெட்டிப்பதற்குள் மான் மலை தாண்டிவிடும். மழைச்சாரல் பட்டால் மருந்து நமுத்துப்போகும். விசையை இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சில நேரம் ஒரு நொடி தாமதித்து வெடிக்கும். “ஏன் வெடிக்கலை?” என்று குழலைத் திருப்பிப் பார்த்தவன் கதி என்ன ஆகும்?

வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கிகளில் குழலுக்கு உள்ளே திருகாணி மாதிரி வரிகள் வெட்டியிருப்பார்கள். அதுதான் ரைபிள். குண்டு சுழன்றுகொண்டே போவதால் நேராகப் போகும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில் அந்த வரிகள் இல்லை. வெறும் மொழுக்கைக் குழாய். கிட்ட இருந்தால்தான் குறி. கொஞ்சம் தள்ளிப் போனால் குண்டுகள் சிதறி எங்கே வேண்டுமானாலும் போகும்.

அந்தக் குழாயும் ஒழுங்கான குழாயா? பழைய இரும்பு பைப்பை அறுத்து, பட்டறையில் காய்ச்சி, கட்டையில் பொருத்தியது. மருந்து ஒரு பிடி கூடினால் குழலே வெடிக்கும். கண்ணைப் பறிகொடுத்தவனும் உண்டு, விரலைப் பறிகொடுத்தவனும் உண்டு.

நெற்றி விளக்கு

வேட்டைக்குத் தனியாகப் போவது அபூர்வம். மூன்று பேர், நான்கு பேராகத்தான் போவார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி. ஒருவன் தலையில் டார்ச் லைட். மற்றவர்கள் சுற்றி வளைத்து மிருகத்தைக் கிளப்பி விடுபவர்கள். எல்லோருமே கறுப்பு அல்லது அழுக்கு நிறச் சட்டை. வனக்காவலர் கண்ணில் படக்கூடாது அல்லவா?

விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்ததும் மான் அசையாமல் நின்றுவிடும். இரண்டு கண்ணும் பச்சையாக, மஞ்சளாக மின்னும். ராத்திரியில் பார்ப்பதற்காக அதன் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது அந்தப் படலம்தான். உயிர் பிழைக்க இயற்கை கொடுத்த பொருளே அதற்கு எமனாகிவிடுகிறது.

மனிதன் கண் அப்படி மின்னாது. ஆகவே கண்ணைப் பார்த்துச் சுட்டால் ஆளைச் சுட வாய்ப்பு இல்லை என்று யாராவது சொல்லலாம். ஆனால் எல்லா நேரமும் மான் வந்து நின்று கண்ணைக் காட்டிவிட்டா போகிறது? நாலு மணி நேரம் முள்ளில் அலைந்த பிறகு புதர் சலசலக்கும். ஏதோ கறுப்பாக நகரும். கையில் இருப்பது ஒரே ஒரு சூடு. விட்டால் போச்சு! சரக்கு உள்ளே போயிருந்தால் கேட்கவே வேண்டாம். விசையை இழுத்துவிடுகிறார்கள்.

சலசலத்தது யார்? மானைக் கிளப்பப் போன அதே கூட்டாளி. பெரும்பாலும் சுட்டவனுக்கு மாமன், மச்சான், பங்காளி!

அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. வாய் வழியாகக் கெட்டிக்கும் பழைய காலத்து ரைபிளுக்கு என்றே தனி வேட்டைக் காலம் ஒதுக்கும் மாநிலங்களும் இருக்கின்றன. அங்கே துப்பாக்கி எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடுப்பு போட வேண்டும் என்பது பல மாநிலங்களில் கட்டாயம். ஆரஞ்சு நிறம் மான் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. மனிதன் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். இங்கே திருட்டு வேட்டை. ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு யார் திருடப் போவார்கள்?

“மாடு முட்டிருச்சு”

குண்டு பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைக்க வழி உண்டு. ஆனால் உடனே கொண்டு போவதில்லை. முதலில் துப்பாக்கியை மறைக்க வேண்டும். பிறகு என்ன சொல்வது என்று பேசி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போர்வையில் தூளி கட்டி, கழியில் மாட்டி, மலையை விட்டு இறக்குவார்கள். ரோடு வரும்வரை நடை. ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் “பாறையிலிருந்து விழுந்துட்டான்”, “மாடு முட்டிருச்சு” என்பார்கள்.

எக்ஸ்ரே பொய் சொல்லாது. கறுப்புப் படத்தில் பால்ரஸ் குண்டுகள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்த மாதிரி தெரியும். கிட்டத்தில் சுட்டிருந்தால் காயத்தைச் சுற்றிக் கரிமருந்து பொரிந்த தடம் இருக்கும். டாக்டர் உடனே போலீசுக்குச் சொல்லி அனுப்புவார். மாடு முட்டிய கதை அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு என்ன? ஒரு வீட்டில் பிணம். பக்கத்து வீட்டில் கைது. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. இரண்டும் சொந்தக்கார வீடுகள் என்பதால் அழுவதற்கும் ஒரே கூட்டம்தான் வரும்.

அஜாக்கிரதையால் உயிர் போனதாக வழக்குப் போட்டால், 1-7-2024 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுப்படி 5 ஆண்டு வரை ஜெயில். பழைய 304-ஏ பிரிவில் 2 ஆண்டுதான் இருந்தது. இது ஆள் செத்ததற்கு மட்டும். துப்பாக்கிக்கு வேறு, வேட்டைக்கு வேறு.

ஒரு துப்பாக்கி, மூன்று வழக்கு

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். முன்பு குறைந்தது 1 ஆண்டு, அதிகம் 3 ஆண்டு என்று இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு. செய்து கொடுத்த பட்டறைக்காரனுக்கு இன்னும் கடுமை. 7 ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் தண்டனை வரை போகலாம்!

மானைச் சுட்டதற்கு 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டம். முன்பெல்லாம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போவதற்கு வழி இருந்தது. வெள்ளைக்கார துரைமார்களும் ஜமீன்தார்களும் சுட்டுத் தள்ளிய மான் கொம்புகள் இன்றும் பழைய பங்களா சுவர்களில் தொங்குகின்றன. 1991-ல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். 2022-ல் வந்த திருத்தம் 1-4-2023 முதல் அமலுக்கு வந்தது. சாதாரணமாக 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் புகுந்து சுட்டால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை.

சட்டப்படியே நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாதா என்றால், முடியும். பயிரைக் காப்பாற்றுவதற்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் மனு எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, கையெழுத்து வாங்க எத்தனை தடவை மலை இறங்க வேண்டும்? ஒரு நாள் இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. கிடைத்தாலும் துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ். மானைச் சுட லைசென்ஸ் அல்ல. இந்த வித்தியாசத்தை மலை ஊரில் போய் யாரும் உட்கார்ந்து சொன்னதாகத் தெரியவில்லை.

பன்றி விவகாரத்திலும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் போட்ட உத்தரவுப்படி காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம். அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். காட்டை ஒட்டிக் கொல்லை வைத்திருப்பவனுக்கு இதனால் என்ன லாபம்?

எல்லைக்கு அந்தப் பக்கம் குடகில் கதையே தலைகீழ். குடவர் இனத்தாருக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸே தேவை இல்லை என்று வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை இருக்கிறது. 2019-ல் அதை மேலும் 10 ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு பண்டிகையே வைத்து துப்பாக்கிக்குப் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். ஆனால் மானைச் சுட்டால் அவர்களுக்கும் ஜெயில்தான்.

கறி போகும் இடம்

மலையில் விழுந்த மானை மலையிலேயே தின்று தீர்ப்பது அந்தக் காலம். இப்போது தோலையும் தலையையும் காட்டிலேயே புதைத்துவிட்டு கறியைக் கூறு போட்டு பிளாஸ்டிக் பையில் கட்டுகிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிள் மலை இறங்கிவிடும். செல்போனில் முன்கூட்டியே ஆர்டர்!

வாங்குகிறவர் யார்? மளிகைக் கடையில் அரிசி வாங்கும் ஏழை அல்ல. தோட்டத்து வீட்டில் நண்பர்களோடு ‘பார்ட்டி’ நடத்துகிறவர். “இன்னிக்கு ஸ்பெஷல் ஐட்டம்” என்று தட்டில் வைத்துப் பெருமை அடிப்பவர்.

இதிலும் ஏமாற்று உண்டு. மான் கறி என்று சொல்லி வேறு கறியைத் தலையில் கட்டிவிடும் ஆசாமிகள் இருக்கிறார்கள். வாங்கியவர் போலீசில் புகார் கொடுக்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்!

என்ன கறி என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வனத்துறையினர் ஒரு துண்டை எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வகம் இந்த வேலையில் பெயர் பெற்றது. தோல் வேண்டாம், கொம்பு வேண்டாம். சின்னத் துண்டு சதை போதும், மானா ஆடா மாடா என்று சொல்லிவிடும்.

குண்டு விஷயத்தில்தான் போலீசாருக்குத் தலைவலி. வரி வெட்டிய ரைபிளில் இருந்து போன குண்டில் அந்த வரியின் தடம் விழும். எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்று பொருத்திப் பார்க்கலாம். நாட்டுத் துப்பாக்கியின் மொழுக்கைக் குழாயில் அந்தத் தடம் விழாது. யார் துப்பாக்கி சுட்டது என்பதை குண்டு சொல்லாது, கூட வந்தவன்தான் சொல்ல வேண்டும்.

சில பேர் அந்தச் சிரமத்தையும் போலீசுக்கு வைப்பதில்லை. செத்த மானோடு நின்று படம் எடுத்து வாட்ஸ்-அப் ஸ்டேட்டசில் போட்டுவிட்டு மறுநாளே கம்பி எண்ணுகிறார்கள். பலே கெட்டிக்காரர்கள்!

மான் வழக்கு என்றதும் ஜனங்களுக்கு நினைவு வருவது இந்தி நடிகர் சல்மான்கான். 1998-ல் ராஜஸ்தானில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் வெளிமான்களைச் சுட்டதாக வழக்கு. தீர்ப்பு வர 20 ஆண்டு ஆனது. 5-4-2018 அன்று ஜோத்பூர் கோர்ட்டு 5 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. இரண்டே நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். மலையில் இருந்து பிடித்து வரும் ஆளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவே இரண்டு பேர் கிடைப்பது இல்லை.

காவிரிக்கரையில்...

சுட்டால்தான் ஆபத்து என்று இல்லை. சுட்டதாகச் சந்தேகம் வந்தாலும் உயிர் போகலாம்.

2023 பிப்ரவரியில் நடந்ததை மேட்டூர் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோவிந்தப்பாடி பகுதியைச் சேர்ந்த சிலர் ராத்திரியில் பரிசலில் காவிரியின் மறுகரைப் பக்கம் போனார்கள். பாலாறு அருகே கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. சில நாளில் அவர் உடல் ஆற்றில் கிடந்தது.

“மான் வேட்டைக்கு வந்தார்கள். முதலில் அவர்கள்தான் சுட்டார்கள்” என்பது கர்நாடக வனத்துறை தரப்பு. நாட்டுத் துப்பாக்கியும் மான் கறியும் கைப்பற்றியதாகக் கூறினார்கள். மீன் பிடிக்கப் போனவரைக் கொன்றுவிட்டார்கள் என்று குடும்பத்தார் கதறினார்கள். எல்லையில் பதற்றம். பஸ் போக்குவரத்து நின்றது.

அந்தக் காட்டுக்கு இது புதிது அல்ல. வீரப்பன் சுற்றித் திரிந்த காடு அது. 18-10-2004 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவன் கதை முடிந்தது. ஆனாலும் இரு மாநில வனக்காவலருக்கும் ராத்திரியில் எதிரே ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பழைய பயம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. எதிரே வருவது மீன்காரனா வேட்டைக்காரனா என்று கேட்டு நிற்க நேரம் இல்லை. மானைச் சுடப் போனவன் புதரைப் பார்த்துச் சுடுகிறானே, கிட்டத்தட்ட அதே கதை!

கோணி மூட்டை

துப்பாக்கியை வெளியே கொண்டு வர போலீசார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் ஊர்க் கவுண்டரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். “குறிப்பிட்ட நாளுக்குள் தாங்களாகவே கொண்டு வந்து கொடுத்தால் வழக்கு இல்லை. பிறகு சிக்கினால் விடமாட்டோம்” என்று கெடு வைப்பார்கள். தண்டோரா கூடப் போடுவது உண்டு.

நேரில் கொண்டு வந்து கொடுக்க தைரியம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோணியில் சுற்றி, கோவில் திண்ணையிலோ ரோட்டோரப் புளியமரத்தடியிலோ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்ததும் தகவல் வரும். ஜீப் வரும். எண்ணி, சீட்டு ஒட்டி, ஸ்டேஷனுக்குக் கொண்டு போவார்கள். யாருடையது என்று கேள்வி இல்லை.

எல்லாத் துப்பாக்கியும் வருவது இல்லை. பழசும் உடைசலும்தான் முதலில் வரும். நல்லது பரண் மேல் இருக்கும்.

மூட்டையை அவிழ்த்ததும் விவரம் தெரிந்த போலீஸ்காரர் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. குழலின் வாயை யார் பக்கமும் காட்டாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே கம்பியை விட்டுப் பார்ப்பார். பிறகு அதே கம்பியை வெளியே குழலின் மேல் வைத்து அளந்து பார்ப்பார். கம்பி அடி வரை போகாமல் நாலு விரல்கடை குறைந்தால், உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறது என்று அர்த்தம். கெட்டித்த துப்பாக்கி மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதுவரை அது பிள்ளைகள் படுத்துத் தூங்கும் வீட்டுச் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கும்.